மறைத்த பின்னூட்டங்களைப் படிக்கவாவது விடுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் செய்த மாற்றத்தைப் பற்றி உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் தாங்கள் செய்த கருவிகளையும் அவற்றின் கோடையும் (கணினி நிரல்) திட்டங்களாகப் பகிரும் உங்கள் தளத்தில், 18 வயதுக்குட்பட்டவர்கள் பதிவேற்றிய எல்லாத் திட்டங்களின் கீழும் இருந்த பின்னூட்டங்கள் ஒரே இரவில் காணாமல் போயின. புதிதாக எழுதவும் வழியில்லை, ஏற்கெனவே எழுதியதைப் படிக்கவும் வழியில்லை. ‘உங்கள் பாதுகாப்பான அனுபவத்துக்காக இந்தப் பகுதி மறைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு பெட்டி மட்டும் நிற்கிறது. சந்தேகம் இருந்தால், தானாகப் பதில் சொல்லும் ‘உதவி பாட்’ நிரலிடம் கேட்கலாமாம். அதற்கொரு பொத்தானும் வைத்திருக்கிறீர்கள்.

பின்னூட்டங்களைக் கண்காணித்துவந்த தன்னார்வலர்கள் பலரும் தனித்தனியே உங்களுக்கு எழுதிவிட்டோம். எல்லோருக்கும் வந்தது ஒரே பதில். விளிக்கும் பெயர் மட்டும்தான் வேறு. (எனக்கு வந்ததில் அந்தப் பெயரும் இன்னொருவருடையது. போகட்டும்.) அதனால்தான் இந்த முறை பொதுவில் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: பழைய பின்னூட்டங்களைப் படிக்கவாவது திறந்துவிடுங்கள்.

திட்டங்கள் எதுவும் அழிக்கப்படவில்லை, கோட் இருக்கிறது, சர்க்யூட் படம் இருக்கிறது, பிறகென்ன குறை என்பது உங்கள் பதிலின் சாரம். என்ன குறை என்று ஒரே ஒரு திட்டத்தை வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஆட்களில் யாரேனும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படித்தால் நல்லது. சுட்டி என் புகாரிலேயே இருக்கிறது.

பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி செய்த கருவி அது. மண்ணில் ஈரம் குறைந்தால் சிறிய பம்ப் ஓடிச் செடிக்குத் தண்ணீர் விடும். ஓர் அர்டுயினோ போர்டு (கோடை ஓட்டும் சின்னக் கணினிப் பலகை), இரண்டு கால் வைத்த மலிவான ஈரப்பதச் சென்சார், பம்பை இயக்கி நிறுத்தும் சுவிட்சாக ஒரு ரிலே, அவ்வளவுதான். முதல் சில நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு மண் சொதசொதவென்று இருக்கும்போதே சென்சார் ‘காய்ந்துவிட்டது’ என்று சொல்லத் தொடங்கியது. பம்ப் நிற்காமல் ஊற்றியது. வேர் அழுகிச் செடி செத்தது. ‘தண்ணி இல்லாம சாகக் கூடாதுன்னுதான் செஞ்சேன், தண்ணியிலயே செத்துப்போச்சு’ என்று பின்னூட்டத்தில் எழுதியிருந்தாள்.

சென்சார் பழுது, மாற்றிப் பார் என்றான் ஒருவன். மாற்றினாள், புதியதற்கும் அதே கதி. எந்த எண்ணுக்குக் கீழே போனால் பம்ப் ஓட வேண்டுமோ அந்த எண்ணைத் திருத்து என்றான் இன்னொருவன். பத்து முறை அளந்து சராசரி எடு என்று முழு ஃபங்ஷனையே எழுதிக் கொடுத்தாள் வேறொருத்தி. எதுவும் பலிக்கவில்லை. அதுவரை ஒரு திட்டம்கூடப் பதிவேற்றாத பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன், அவள் போட்டிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: ‘அக்கா, ஒரு கால் மட்டும் ஏன் அரிச்சிருக்கு? இன்னொன்னு நல்லாத்தானே இருக்கு?’

முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது. ஒரு கால் மட்டும் என்றதும், பள்ளியில் மின்னாற்பகுப்பு படித்திருந்த ஒருத்திக்குப் பொறி தட்டிவிட்டது. ஈர மண் வழியே மின்சாரம் ஒரே திசையில் ஓயாமல் பாய்ந்தால், நேர்மின்வாயாக இருக்கும் காலின் உலோகம் கரைந்துகொண்டே போகும். கரையக் கரைய மின்தடை ஏறும். மின்தடை ஏறினால் சென்சாரின் கணக்கில் அது வறண்ட மண். ஆக, சென்சாருக்கு எப்போதும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் கோளாறு. அதற்கு மருந்தையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். சென்சாரை எப்போதும் மின்சாரம் வரும் 5 வோல்ட் பின்னில் (போர்டின் இணைப்பு முனை) மாட்டாமல், கோடால் இயக்கி நிறுத்தக்கூடிய 7ஆம் எண் டிஜிட்டல் பின்னில் மாட்டுவது. அளக்கும்போது மட்டும் அந்தப் பின்னை ஹை ஆக்கி (மின்சாரம் கொடுத்து), அளந்த கையோடு லோ ஆக்கிவிடுவது (நிறுத்திவிடுவது). அதையும் நொடிக்கொரு தரம் செய்யாமல் மணிக்கொரு தரம் செய்வது. ‘ஒரு பின் அவ்வளவு கரண்ட் தாங்குமா?’ என்று ஒருவன் சந்தேகப்பட்டான். 20 மில்லிஆம்பியர் வரை பயமில்லாமல் எடுக்கலாம், இந்தச் சென்சாருக்கு அதற்குள்ளேயே போதும் என்று, தயாரிப்பாளரின் விவரத்தாளான டேட்டாஷீட்டைப் புரட்டிவிட்டு வந்து இன்னொருவன் பதில் சொன்னான். இதில் பெரியவர் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நானும்தான். வாசித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவே.

இன்று அந்தப் பக்கத்தில் எஞ்சியிருப்பது கோட் மட்டும். பின் 7ஐ ஹை ஆக்கு, கொஞ்சம் பொறு, அள, லோ ஆக்கு. ஏன் என்பதற்கு ஒரு வரி கிடையாது. கோடுக்குள்ளேயே குறிப்பு எழுதியிருக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எழுதியிருக்கலாம்தான். உங்கள் பொறியாளர்களில் எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று விசாரித்துவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்போம்.

சென்ற வாரம் வேறொரு பையன் அந்தத் திட்டத்தை ரீமிக்ஸ் செய்திருக்கிறான், அதாவது நகலெடுத்துத் தன் விருப்பப்படி மாற்றியிருக்கிறான். பின் 7 எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை. சென்சாரை நேராக 5 வோல்ட்டில் மாட்டி, ‘தேவையில்லாத’ வரிகளை நீக்கி, கோடைச் சுருக்கிவிட்டதாகப் பெருமையாக விளக்கத்திலும் எழுதியிருக்கிறான். அவன் சென்சாரும் அரிக்கும். அவன் செடிக்கும் அதே தண்ணீர்ச் சாவுதான். இதை அந்தப் பெண் பார்த்துவிட்டாள். அவனிடம் சொல்ல வழியில்லை. கடைசியில் தன் திட்டத்தின் விளக்கத்தைத் திருத்தி, ‘ரீமிக்ஸ் பண்றவங்களுக்கு: பின் 7ஐ மாத்தாதீங்க ப்ளீஸ்’ என்று சேர்த்தாள். விளக்கத்தில் பிற பயனர்களை நோக்கி எழுதக் கூடாது என்று உங்கள் தானியங்கி வடிகட்டி அந்த வரியை அன்றே தூக்கிவிட்டது. அவளுக்கு ஓர் எச்சரிக்கையும் போயிருக்கிறது.

ஒரு பிள்ளை தான் பட்ட பாட்டை இன்னொரு பிள்ளை படக் கூடாதென்று ஒரு வரி எழுதியதற்கு எச்சரிக்கை. இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

இதயக்குறி மட்டும் பத்திரமாக இருக்கிறது. அதைத் தட்டலாம். ‘ஒரு கால் மட்டும் ஏன் அரிச்சிருக்கு?’ என்று இதயக்குறியால் கேட்க முடிந்தால் எனக்கும் சொல்லிக் கொடுங்கள். உதவி பாட் நிரலிடமும் இதே கோளாறைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். சென்சார் பழுதாகியிருக்கலாம், மாற்றிப் பாருங்கள் என்றது.

நன்றியும் அந்தப் பின்னூட்டங்களில்தான் கிடந்தது. ரீமிக்ஸ் செய்தால் மூலத் திட்டத்தின் பெயரைத் தளமே தானாகக் காட்டிவிடுகிறது, ஆகவே உரியவர்களுக்கு உரிய மரியாதை போய்ச் சேர்கிறது என்கிறீர்கள். பிள்ளைகள் கோட் எழுதிப் பகிரும் ஸ்கிராட்ச் தளத்துச் சமூகத்தின் ரீமிக்ஸ்களைப் பற்றி 2011ல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று சரியாக இந்தக் கேள்வியைத்தான் ஆராய்ந்தது. கணினி தானாக ஒட்டிவிடும் பெயரைவிட, எடுத்துக்கொண்டவர் தாமே எழுதும் நன்றியைத்தான் பிள்ளைகள் பெரிதாக மதித்தார்கள் என்று அதில் தெரியவந்தது. இங்கேயும் அப்படித்தான். அந்தப் பதின்மூன்று வயதுப் பையனின் பெயர் எந்த ரீமிக்ஸ் வரிசையிலும் வராது. அவன் ஒரு வரி கோடும் எழுதவில்லை. அவன் கேள்விக்குக் கீழே வரிசையாக வந்து விழுந்த ‘டேய், எப்படிடா பார்த்த!’க்கள்தான் அவனுக்குக் கிடைத்த பெயர். தன் முதல் திட்டத்தை அவன் பதிவேற்றியது அதற்குப் பிறகுதான். அதையும் சேர்த்துத்தான் மறைத்திருக்கிறீர்கள். படிக்கவாவது திறந்துவிடுங்கள்.

சட்டம் இப்படிச் செய்யச் சொல்கிறது என்று உங்கள் பதிலில் ஒரு வரி வருகிறது. எந்தச் சட்டம் என்று சொல்லவில்லை. 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தனிப்பட்ட விவரங்களைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் திரட்டக் கூடாது என்கிறது 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதி 16 என்று வைத்து, நாடுகள் அதை 13 வரை குறைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறது. இந்தியா 2023ல் இயற்றிய சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. எல்லாம் விவரம் திரட்டுவதையும் ஒப்புதல் வாங்குவதையும் பற்றிய பேச்சு. மின்தடை பற்றி ஒரு பதினாறு வயதுப் பிள்ளை புனைபெயரில் எழுதிய நான்கு வரியை ஊர் கண்ணிலிருந்து ஒளித்து வை என்று இவற்றில் எங்கே இருக்கிறது? இருந்தால் பிரிவு எண்ணைக் காட்டுங்கள், அடங்கிவிடுகிறோம்.

ஆபத்தே இல்லை என்று நான் வாதாடவில்லை. வயது வந்த ஒருவர் பிள்ளைகளின் திட்டங்களுக்குக் கீழே வந்து, ‘வேறு செயலியில் பேசலாமா’ என்று தூண்டில் போட்டதை முதலில் கண்டு உங்களுக்குச் சொன்னதே தன்னார்வலர்கள்தான். எப்படிக் கண்டோம்? எல்லோர் கண்ணும் படும் இடத்தில் அவர் எழுதியதால்தான். ஸ்கிராட்ச் தளத்தில் தனிச்செய்தி வசதியே கிடையாது. பிள்ளைகள் பேசுவதெல்லாம் மற்றவர்கள் பார்க்கும் பொது இடத்தில்தான். உங்கள் பிள்ளைகள் இப்போது எங்கே பேசுகிறார்கள் என்று விசாரித்தீர்களா? பேசுவதை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தால் உங்களுக்குப் பதினைந்து வயதுப் பிள்ளைகளைத் தெரியாது என்று அர்த்தம். மூடிய அரட்டைக் குழுக்களுக்குப் போய்விட்டார்கள். அங்கே வடிகட்டி இல்லை, எங்களைப் போன்றவர்களின் கண் இல்லை. உங்களிடம் புகார் சொல்லவும் பொத்தான் இல்லை. அந்தத் தூண்டில்காரர் முதலிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருந்த இடமும் அதுதான்.

முன்னறிவிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஜூலை 8 அன்று திட்டங்களுக்கு இடம் கொடுப்பதை நிறுத்திய, கோட் எழுதிப் பகிரும் கிளிச் தளம்கூட மே மாதமே அதை அறிவித்து, அவரவர் கோடைப் பதிவிறக்கிக்கொள்ள அந்த ஆண்டு முடியும்வரை நேரம் கொடுத்தது. இணைய விளையாட்டுகளையும் அசைபடங்களையும் ஓட்டிய ஃப்ளாஷ் மென்பொருள் 2020 டிசம்பர் 31 அன்று போனது. போகப் போகிறது என்று அதன் நிறுவனமான அடோபி 2017லேயே சொல்லிவிட்டது. கடையை மூடியவர்களே சரக்கை எடுத்துப் போக அவகாசம் கொடுத்தார்கள். கடையைத் திறந்தே வைத்திருக்கும் நீங்கள் எங்களுக்கு ஒரு பகல் பொழுதுகூடத் தரவில்லை.

உங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் சால்டரிங் அயர்ன் பிடித்துச் சிரிக்கும் பிள்ளைகள். உள்ளே ‘இளம் படைப்பாளிகள்’, ‘நாளைய கண்டுபிடிப்பாளர்கள்’, ‘ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் சூழல்’. நன்கொடையாளர்களுக்குக் காட்டும்போது அவர்கள் படைப்பாளிகள். சக பிள்ளைக்கு ஒரு வரி எழுதும்போது மட்டும் ‘18 வயதுக்குட்பட்ட பயனர்கள்’. முந்நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கும் கம்பியை அவர்கள் கையில் கொடுக்கலாம், விசைப்பலகையைக் கொடுக்கக் கூடாது என்பது எந்த ஊர்ப் பாதுகாப்பு? ஒருவரிடமிருந்து ஒருவர் எப்படிக் கற்பார்கள், முகம் பார்த்தா? அடுத்த அட்டைப் படத்துக்கு அந்தப் பிள்ளைகளைக் கேட்டுவிட்டு வாருங்கள். பதிலைச் சொல்லத்தான் அவர்களுக்கு இடமிருக்காது.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டேன். கோரிக்கைக்கே வருகிறேன்.

அந்தத் தரவு உங்கள் சர்வரில் அப்படியே இருக்கிறது என்று உங்கள் ஆதரவுப் பிரிவே மின்னஞ்சலில் உறுதி செய்திருக்கிறது. ஆகவே இயலாத எதையும் கேட்கவில்லை. பழைய பின்னூட்டங்களைப் படிக்க மட்டும் திறந்துவிடுங்கள். பயனர் பெயர்கள் இருப்பது சிக்கல் என்றால் பெயரை மறைத்து எண் போட்டுக் காட்டுங்கள். புகாருக்குள்ளானவை மறைவாகவே இருக்கட்டும். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்க ஆள் இல்லை என்றால், இத்தனை காலம் இரவு பகலாக அதைத்தானே செய்துகொண்டிருந்தோம், இனியும் செய்கிறோம், சம்பளம் கேட்கவில்லை. அதற்கும் காலம் பிடிக்கும் என்றால், அதுவரை ஒவ்வொரு பிள்ளையும் தன் திட்டத்துக்கு வந்த பின்னூட்டங்களை ஒரு கோப்பாகப் பதிவிறக்கிக்கொள்ளவாவது வழி செய்யுங்கள். புதிய பின்னூட்டங்களை எப்போது, எப்படி அனுமதிப்பது என்பதைப் பிறகு உட்கார்ந்து பேசலாம். அதில் உங்கள் கவலைகளைக் கேட்க நாங்கள் தயார்.

அந்தப் பெண்ணுக்குப் போன எச்சரிக்கையை விலக்கி, அவள் எழுதிய அந்த ஒரு வரியைத் திரும்ப வைத்துவிடுங்கள் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ரீமிக்ஸ் செய்த அந்தப் பையனின் செடி இன்னும் உயிரோடு இருக்கலாம்.

பதில் எழுதும்போது எந்தத் தேதிக்குள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில் ஏற்கெனவே எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் தளத்தின் தன்னார்வலர்களில் ஒருவர்