முதலில் முழு வேகத்தில் காட்டுங்கள்: கால்பந்து விதிகளை எழுதும் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியத்தின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

சிவப்பு அட்டை கொடுக்கலாமா என்று பார்க்க நடுவர் ஓரக்கோட்டு மானிட்டருக்கு ஓடுகிறார். அங்கே அவர் கண்ணில் முதலில் படுவது என்ன? இந்த மடல் அதைப் பற்றி மட்டும்தான். முதலில் முழு வேகத்தில் ஓடும் காட்சியைக் காட்ட வேண்டும், நிறுத்தி வைத்த படத்தை அல்ல. இதை விதியாக எழுதித் தாருங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

ஃபவுல்களையும் அவற்றுக்கான அட்டைகளையும் பற்றிய பன்னிரண்டாம் விதியை எழுதியவர்கள் நீங்கள். பந்தைப் பறிக்கக் காலை நீட்டும் டேக்கிள் வெறும் கவனக்குறைவானது என்றால் ஃப்ரீ கிக்கோடு போயிற்று. எதிராளிக்கு வரும் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் பாய்ந்தால் மஞ்சள். அளவுக்கு மீறிய பலத்தைக் காட்டினாலோ, எதிராளியின் உடலுக்கே ஆபத்தை உண்டாக்கினாலோ சிவப்பு. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற்றுவது பெரும்பாலும் கால் வந்த வேகமும் அதில் இருந்த பலமும்தான். நின்றுபோன படத்தில் இவை இரண்டும் இருக்காது.

2023 செப்டம்பர் 30 அன்று டோட்டன்ஹாம் மைதானத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். லிவர்பூலின் கர்டிஸ் ஜோன்ஸ் பந்துக்காகக் காலை நீட்டினார். பூட்ஸ் பந்தின் மேல் பட்டு, உருண்ட பந்தோடு வழுக்கி, டோட்டன்ஹாம் வீரர் பிசூமாவின் கணுக்காலுக்கு மேல் இறங்கியது. நடுவர் மஞ்சள் காட்டினார். பதிவான காட்சிகளைப் பார்த்து அவருக்கு உதவும் காணொளி நடுவர் (VAR) அவரை மானிட்டருக்கு அழைத்தார். அவர் போய் நின்றபோது திரையில் இருந்தது ஒரே ஒரு நிலைப்படம்: பூட்ஸின் அடியிலுள்ள குமிழ், அதாவது ஸ்டட், காலில் அழுந்திய அந்தக் கணம். அதன் பிறகு என்ன காட்டியிருந்தாலும் முதல் பார்வை பதிந்தது பதிந்ததுதான். 26-ஆம் நிமிடத்தில், கோல் எதுவும் விழாத நேரத்தில், மஞ்சள் சிவப்பானது. மேல்முறையீடும் நிராகரிக்கப்பட்டு மூன்று ஆட்டத் தடை நிலைத்தது. அதே ஆட்டத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸின் கோல் தவறாக மறுக்கப்பட்டதால் ஊரெல்லாம் அதைப் பற்றியே பேசியது. அந்த நிலைப்படத்தைப் பற்றிய கேள்வி அப்படியே அமுங்கிப்போனது.

அந்தச் சிவப்பு சரியா தவறா என்று இங்கே வழக்காட வரவில்லை. காலின் மேல் ஸ்டட் பட்டது உண்மை. அது சிவப்புதான் என்று சொல்லும் அனுபவமுள்ள நடுவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த முடிவுக்கு வந்த பாதை சரியில்லை.

ஒரு நொடியை 50 படங்களாக வெட்டினால் ஒரு படத்துக்கு 20 மில்லி நொடி. அந்த ஐம்பதில் மிகக் கொடூரமாகத் தெரிவதைத் தேர்ந்தெடுத்து நிறுத்துகிறார்கள். எந்த இடத்தில் பட்டது, பாதத்தின் எந்தப் பகுதி பட்டது, முழங்கால் விறைத்திருந்ததா மடங்கியிருந்ததா என்பதை அது சொல்லும். கால் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது, கடைசிக் கணத்தில் இழுத்துக்கொள்ளப் பார்த்தாரா, பந்தைத் தொட்ட பிறகு வழுக்கியதா, நேராக எலும்பின் மேல் இறங்கியதா என்பதைச் சொல்லாது. தரையில் ஊன்றிய பாதத்தின் மேல் கொஞ்சம் எடை விழுந்தாலே கணுக்கால் உள்ளே மடங்கும். படமாக நிறுத்தினால் அது கால் முறிகிற காட்சி போலத் தோன்றும். முறித்தே விடும் டேக்கிளும் வெறும் உரசலும் அந்த ஒரு படத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.

ஸ்லோமோஷனிலும் கிட்டத்தட்ட இதே கோளாறுதான். கால் நொடிக்குள் முடிந்த ஒன்றை நான்கு நொடிக்கு இழுத்தால், யோசித்துத் திட்டமிட்டு மிதித்தது போலத் தோன்றும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. உயர்மட்ட நடுவர்களிடம் ஒரே ஃபவுலை இயல்பு வேகத்திலும் ஸ்லோமோஷனிலும் காட்டினார்கள். ஃபவுலா இல்லையா என்று சொல்வதில் ஸ்லோமோஷன் அவர்களைத் துல்லியமாக்கவில்லை. அட்டையின் நிறத்தை மட்டும் கடுமையாக்கியது.

இது உங்களுக்குத் தெரியாததும் அல்ல. பட்ட இடம் எது, பந்து கோட்டைத் தாண்டியதா போன்றவற்றுக்கு ஸ்லோமோஷன், ஃபவுலின் கடுமையை எடைபோட இயல்பு வேகம் என்று உங்கள் காணொளி நடைமுறையே சொல்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘பொதுவாக’ என்று ஒரு சொல்லை வைத்துவிட்டீர்கள். எதை முதலில் காட்ட வேண்டும் என்ற வரிசையையும் வகுக்கவில்லை. மானிட்டருக்கு வரும் நடுவர், ‘நீங்கள் தவறிவிட்டீர்கள்’ என்ற செய்தியோடுதான் வருகிறார். முதுகுக்குப் பின்னால் 60,000 பேர் கத்துகிறார்கள். கண்முன் ஒரு ஸ்டட், ஒரு மடங்கிய கணுக்கால். தன் முதல் முடிவில் உறுதியாக நிற்க எத்தனை பேரால் முடியும்?

காணொளியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2010 உலகக் கோப்பை இறுதியில் நெதர்லாந்தின் டி யோங்கின் பூட்ஸ் ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் நெஞ்சில் இறங்கியபோது நடுவர் ஹோவர்ட் வெப்புக்குப் பார்வை மறைந்திருந்தது. மஞ்சளோடு விட்டார், அது சிவப்பாகியிருக்க வேண்டும் என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். அன்று மானிட்டர் இருந்து, முழு வேகத்தில் ஒரே ஒரு முறை பார்த்திருந்தாலும் போதும். உண்மையான சிவப்பு முழு வேகத்திலும் சிவப்பாகத்தான் தெரியும்.

எதிர்ப்பக்கத்திலும் கோளாறு உண்டு. 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் புரூனோ ஃபெர்னாண்டசுக்கும், 2025 ஜனவரியில் ஆர்சனலின் மைல்ஸ் லூயிஸ்-ஸ்கெல்லிக்கும் களத்திலேயே காட்டிய சிவப்பைக் காணொளி நடுவர்கள் அப்படியே விட்டார்கள். சில நாட்களில் மேல்முறையீட்டில் இரண்டு தடைகளும் நீங்கின. தடை நீங்கிவிடும், பத்துப் பேரோடு ஆடிய இரண்டாம் பாதி திரும்பாது. நடுவரிடம் வாதாடுவது, கார்னரில் சட்டையைப் பிடித்து இழுப்பது என்று எதை எடுத்தாலும் ஒரு வாரத்துக்கு ஒரு அளவுகோல். வீரர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் சலித்துவிட்டது. எங்களுக்கும்தான். அவற்றைத் தனியாக எழுத வேண்டும். இந்த மடலில் கேட்பது ஒன்றே ஒன்று.

‘வரிசையெல்லாம் விதிநூலில் எழுத முடியாது’ என்று சொல்லிவிடாதீர்கள். கோல் கீப்பர் பந்தை ஆறு நொடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதி ஆண்டுக்கணக்கில் ஏட்டில் கிடந்தது, யாரும் ஊதவில்லை. 2025-இல் அதை எட்டு நொடியாக்கி, கடைசி ஐந்து நொடியை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்ட வேண்டும், மீறினால் எதிரணிக்குக் கார்னர் என்று செயல்முறையாக எழுதினீர்கள். பந்து சீக்கிரமாகவே கையை விட்டுப் போகத் தொடங்கியது. செய்ய வேண்டியதை அடுத்தடுத்து எழுதிக்கொடுத்தால் நடுவர்கள் செய்வார்கள் என்பதற்கு நீங்களே சான்று.

அதே போல இதையும் எழுதுங்கள். நடுவர் வந்து ‘சரி’ என்று சொல்லும்வரை திரை காலியாக இருக்கட்டும். முதலில், வீரர் ஓடிவரத் தொடங்குவதிலிருந்து பட்டு விலகும்வரை, முழு வேகத்தில், நிறுத்தாமல், இரண்டு கோணங்களில், ஒவ்வொன்றும் இரண்டு முறை. மூன்று நொடிக் காட்சி என்றால் மொத்தம் 12 நொடி. அதன் பிறகு பட்ட இடத்தைக் காட்ட மட்டும் ஸ்லோமோஷன். அட்டையை எடுக்கும் முன் இன்னொரு முறை முழு வேகத்தில். ரீப்ளே இயக்குபவருக்கும் இந்த வரிசை எழுத்தில் போக வேண்டும். படத்தை நிறுத்துவது அவர் விரல்தான்.

எட்டு வாக்குகளில் ஆறு கிடைத்தால் விதி மாறும். நான்கு ஃபிஃபாவிடம், மற்ற நான்கு பிரிட்டனின் நான்கு சங்கங்களிடம். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இந்தத் திருத்தத்தைச் சேர்த்து, ‘பொதுவாக’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘முதலில் முழு வேகத்தில்’ என்று எழுதித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விதிநூலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்கும் கால்பந்து ரசிகர்கள்