புகார்: உங்கள் மென்பொருள் எங்கள் சர்வே அளவுகளை மாற்றி எழுதிவிட்டது

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். கழிவுநீர்க் குழாய்ப் பாதைகளை உங்கள் மென்பொருளில் வடிவமைத்து வருகிறேன். எங்கள் மேன்ஹோல், குழாய் விவரங்கள் இட விவரங்களைச் சேமிக்கும் போஸ்ட்ஜிஸ் தரவுத்தளத்தில் உள்ளன. அதோடு நேரடியாக இணைத்து வேலை பார்க்கலாம் என்றுதான் உங்கள் மென்பொருளை வாங்கினோம்.

சென்ற வாரம் நீரோட்டக் கணக்கைப் போட்டபோது, பாதிக்கு மேற்பட்ட குழாய்கள் எதனோடும் இணையவில்லை என்று வந்தது. திரையில் குழாய் முனை மேன்ஹோல் மேல்தான் இருந்தது. நன்றாகப் பெரிதாக்கிய பிறகே இடைவெளி தெரிந்தது. ஒரு மேன்ஹோலின் வடக்கு மதிப்பு (வடக்குத் திசையில் அதன் இடத்தைக் காட்டும் எண்) தரவுத்தளத்தில் 3412687.418 மீட்டர். உங்களிடம் 3412687.50. அடுத்தது .25 என்று முடிந்தது, அதற்கடுத்தது .75. அத்தனையும் கால் மீட்டர் கட்டங்களில் போய் உட்கார்ந்திருந்தன.

புரொஜெக்‌ஷன் (பூமியின் வளைந்த பரப்பைத் தட்டையான வரைபடமாக்கும் முறை) அமைப்பைச் சரிபார்க்கச் சொன்னார்கள் உங்கள் உதவிக் குழுவினர். அது தவறியிருந்தால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் சேர்ந்தே நகர்ந்திருக்கும். இது 32 பிட் தசம எண்ணின் (கணினி 32 இரும இலக்கங்களில் சேமிக்கும் மிதவைப் புள்ளி எண்) வேலை. அதில் ஏறத்தாழ 7 இலக்கங்கள்தான் நிற்கும். 34 லட்சத்தைத் தாண்டிய எண்ணுக்கு அடுத்த எண் 0.25 தள்ளித்தான் கிடைக்கும். போஸ்ட்ஜிஸ் 64 பிட்டில் தருவதைப் புள்ளிகளுக்கு மட்டும் நீங்கள் குறைத்து வாங்குகிறீர்கள். குழாய்க் கோடுகள் சரியாகவே வருகின்றன.

படிப்பதோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். ஒரே ஒரு மேன்ஹோலின் மூடி வகையைத் திருத்திச் சேமித்தேன். அந்த அடுக்கிலிருந்த (லேயர்) எல்லாப் புள்ளிகளையும் உங்கள் மென்பொருள் தரவுத்தளத்தில் திரும்ப எழுதிவிட்டது. சர்வே குழு வெயிலில் நின்று, டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியில் மில்லிமீட்டர் பார்த்து எடுத்த அளவுகள் அவை. ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. காப்பு நகல் இருந்ததால் மீட்டோம். எது பழையது, எது கெட்டது என்று ஒப்பிட்டுப் பார்க்கவே இரண்டு நாள் போயிற்று. நகல் வைக்காதவர்கள் தங்கள் அளவுகள் மாறியதே தெரியாமல் பள்ளம் தோண்டிக்கொண்டிருக்கலாம். எனக்கு அதுதான் பெரிய கவலை.

கோஆர்டினேட்டுகளை (புள்ளியின் இடத்தைக் குறிக்கும் எண்கள்) உள்ளே 64 பிட்டிலேயே வையுங்கள். திரையில் வரைய 32 பிட் தேவையென்றால், அருகிலுள்ள ஒரு தொடக்கப் புள்ளியைக் கழித்துவிட்டு வரையுங்கள். பயனர் தொட்ட புலத்தைத் தவிர வேறெதையும் தரவுத்தளத்தில் எழுதக் கூடாது. திருத்தம் வரும்வரை எழுதும் வசதியை நிறுத்திவைத்து, எல்லா வாடிக்கையாளர்களுக்கும் உடனே தெரிவியுங்கள்.

பிழையை நீங்களே செய்து பார்க்க 12 மேன்ஹோல்கள் கொண்ட மாதிரி அட்டவணையை இணைத்துள்ளேன். எந்தப் பதிப்பில் இது சரியாகும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
வடிகால் வடிவமைப்புப் பொறியாளர்