திரைப்படத் தகவல் தளங்களும் பழைய பாட்டுப்புத்தகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையும் அதில் இரண்டு கணினிகளும் வைத்திருக்கிறேன். சினிமா விவரம் தேடி அச்செடுத்துத் தரும்படி கல்லூரி மாணவர்களும் மெல்லிசைக் குழுக்காரர்களும் அடிக்கடி கேட்டு வருவதால், திரைப்படத் தகவல் இணையதளங்களைப் பொழுதுபோக்குக்காக அன்றித் தொழிலின் பொருட்டே புரட்டுகிறவன் நான். அந்தத் தளங்களின் அமைப்பைப் பற்றித் தங்கள் வாசகர் பகுதி வழியாகச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற மாதம் ஒரு மாணவி வந்து, "அண்ணாச்சி, புதுமைப்பித்தன் சினிமாவுக்கு வசனம் எழுதியிருக்காருன்னு சொல்லுதாங்க. அந்தப் படத்தோட விவரம் ஒரு பக்கத்துக்கு வேணும்" என்றார். 1948-இல் வெளிவந்த ராஜமுக்தி என்பது எனக்குத் தெரியும், எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த அந்தப் படத்துக்கு வசனம் எழுதப் புனே சென்ற நம் ஊர் எழுத்தாளர், படம் திரைக்கு வருவதற்குள் அதே ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி காலமானார். ஐந்து நிமிட வேலை என்று எண்ணி உட்கார்ந்தேன். நான் திறந்த முதல் தளத்தில் தமிழ் எழுத்தில் தேடினால் ஒன்றும் வரவில்லை. ஆங்கில எழுத்தில் எழுதலாம் என்றால், புதுமைப்பித்தன் என்ற பெயரை நான்கைந்து விதமாக எழுதலாம். படத்தின் பெயரையும் ஒரே சொல்லாகவோ இரண்டாகப் பிரித்தோ எழுதலாம். எது அந்தத் தளத்துக்கு உகந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் கடையில் மூன்று பேர் ஆதார் நகலுக்காகக் காத்துநின்றார்கள். அந்த மாணவியோ தம் கைபேசியில் சுவரொட்டி, முன்னோட்டம், விளம்பரம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டபடி, "வசனம்னு ஒரு வரியைக் காணோமே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இந்தத் துறையில் மூத்தது ஐஎம்டிபி என்ற ஆங்கிலத் தளம். 1990-இல் சில ஆர்வலர்கள் தொகுத்த பெயர்ப்பட்டியலாகத் தொடங்கி, 1998-இல் அமேசான் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஒரு பெயரைத் தொட்டால் அவருடைய அத்தனை படங்களும், அங்கிருந்து இன்னொருவரும் என்று இழைபிடித்துப் போகும் வசதியில் அதற்கு நிகர் இல்லை. ஆயினும் அந்தப் படிவம் நம் சினிமாவுக்காகத் தைத்த சட்டை அன்று. கதை, திரைக்கதை, வசனம் என்று நாம் மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் பணிகளுக்கு அங்கே எழுத்தாளர்கள் என்ற ஒரே தலைப்புதான். வசனம் என்பது பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பாகப் போய்விடுகிறது. பின்னணி பாடியவர்களை இசைப் பிரிவு என்ற நீண்ட பட்டியலுக்குள், வாத்தியம் வாசித்தவர்களோடும் ஒலிப்பதிவு செய்தவர்களோடும் சேர்த்துத் தேட வேண்டும். பாட்டைக் கொண்டே படத்தை நினைவு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது எவ்வளவு பெரிய குறை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டமைப்பு இதற்கு நேர்மாறானது. பக்கத்தைத் திறந்தவுடன் இயக்கம், தயாரிப்பு, கதை, இசை, நடிப்பு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று ஒரு பெட்டி கண்ணில் படுகிறது, எல்லாம் தமிழில் இருக்கிறது, விளம்பரம் கிடையாது, பாபநாசம் மலையடிவாரத்தில் சிக்னல் திணறும் இடத்திலும் பக்கம் வந்துவிடுகிறது. ஒரே பெயரில் வந்த படங்களைப் பிரித்துக் காட்டுவதிலும் அது கவனமாக இருக்கிறது. பொல்லாதவன் என்றால் 1980-இல் ரஜினிகாந்த் நடித்ததா, 2007-இல் தனுஷ் நடித்ததா என்று கேட்டுவிட்டே உள்ளே விடும். ஆனால் பழைய படங்கள் பலவற்றின் பக்கங்கள் நான்கு வரியோடு நின்றுவிடுகின்றன. வீடு கட்டியாயிற்று, குடிவர ஆள் இல்லை என்பதுபோல.

லெட்டர்பாக்ஸ்டு என்ற தளத்தை இளைஞர்கள் புகழ்கிறார்கள். பார்வைக்கு அழகுதான், நடிகர்கள், கலைஞர்கள், வெளியீட்டு விவரம் என்று தனித்தனிப் பிரிவாக வைத்திருப்பதால் கை தடுமாறுவதில்லை. எனினும் அது அடிப்படையில் ரசிகரின் நாட்குறிப்பு; தகவலை டிஎம்டிபி என்ற மற்றொரு பொதுத் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அங்கே யாராவது சேர்த்திருந்தால் இங்கே இருக்கும்.

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு தளம் பத்துக்கு இத்தனை என்கிறது, மற்றொன்று ஐந்து நட்சத்திரத்துக்கு இத்தனை என்கிறது, ராட்டன் டொமேட்டோஸ் தளமோ நூற்றுக்கு இத்தனை என்கிறது. இந்த நூற்றுக்கணக்கைப் படத்துக்குக் கொடுத்த மார்க் என்று பெரும்பாலோர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது எத்தனை சதவீத விமர்சகர்கள் மொத்தத்தில் படத்துக்குச் சாதகமாக எழுதினார்கள் என்ற கணக்கு மட்டுமே; 60 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், தேறிய படம் என்பதற்கு அடையாளமாகச் சிவப்புத் தக்காளி. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுந்த அத்தனை பேரும் "பரவாயில்லை, குறை ஒன்றும் இல்லை" என்று சொன்னால் அந்தச் சாப்பாட்டுக்கு நூற்றுக்கு நூறு! இதை விளக்கும் ஒரு வரியை எண்ணுக்கு அடியிலேயே அச்சிட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

டிக்கெட் விற்கும் தளங்களைக் குறை சொல்ல அதிகம் இல்லை. படம் ஓடும் நேரம், மொழி, 2024 முதல் வயதுவாரியாகப் பிரிக்கப்பட்ட யுஏ சான்று ஆகியவற்றை அவை முன்னால் வைக்கின்றன. படம் திரையரங்கை விட்டுப் போனபின் அந்தப் பக்கத்தால் யாருக்கும் பயன் இல்லை, அவ்வளவுதான்.

இவை அனைத்தையும் ஒப்பிடும்போது என் தகப்பனார் ஒரு தகரப்பெட்டியில் சேர்த்துவைத்த பாட்டுப்புத்தகங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. சில அணா விலையில் கொட்டகை வாசலில் விற்ற அந்த மட்டித் தாளில், நடிகர்களின் பெயரும் அவர்கள் ஏற்ற பாத்திரமும் எதிரெதிரே இருக்கும், கதை, வசனம், பாடல் தனித்தனி வரியில் இருக்கும், பிறகு கதைச் சுருக்கம் ஓடி, முடிச்சு அவிழும் இடத்தில் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நின்றுவிடும், அப்புறம் பாட்டுகள். கதையின் முடிவைப் போட்டு உடைக்கக்கூடாது என்ற நாகரிகம் அவர்களுக்கு அன்றே இருந்தது. அந்த மாணவிக்கும் கடைசியில் இரண்டு மூன்று தளங்களில் கிடைத்ததைத் தொகுத்து, அந்தப் பாட்டுப்புத்தக வரிசையிலேயே தட்டச்சு செய்து கொடுத்தேன்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் இணையப் பக்கத்தில் திரைவிமர்சனம் வெளியாகும்போது, அதன் தலைப்புக்கு அடியில் கதை, வசனம், பாடல், பின்னணிக் குரல், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தணிக்கைச் சான்று, ஓடும் நேரம், வெளியான ஆண்டு ஆகியவற்றைத் தமிழில் ஒரு சிறிய கட்டமாகக் கொடுத்து, பழைய விமர்சனங்களையும் படத்தின் பெயரால் தேட வசதி செய்து தர வேண்டுகிறேன். விமர்சனத்தை மூன்று பக்கங்களாக வெட்டி "அடுத்து" என்ற பொத்தானைத் தட்டவைப்பதை நிறுத்தினால், என்னைப் போன்ற கடைக்காரர்களின் நேரமும் வாசகர்களின் டேட்டாவும் மிச்சப்படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை.