புதிதாய் வந்தோருக்கான ஆங்கில வகுப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் தலைவர், செயற்குழுவினர், ஆசிரியர்கள், வகுப்பில் படிப்போர் அனைவருக்கும் வணக்கம்.

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலும் பின்வந்த கப்பல்களிலும் வந்த தமிழரின் வழிவந்தோர் இன்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீட்டுக்குள்ளும் ஆங்கிலமே பேசுகிறார்கள். கோயில் பூசைக்கும் சமையலுக்கும் கடை வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அண்மையில் வந்தவர்களுக்கோ தமிழ்தான் கைகொடுக்கிறது. ஆகவே நம் வகுப்பில் சொல்லித்தருபவருக்குத் தமிழ் வராது, படிப்பவருக்கு ஆங்கிலம் வராது. படிப்பவர்களும் வாசிக்க வேண்டும் என்பதால் இந்த அறிக்கை தமிழில் இருக்கிறது. ஆசிரியர்களுக்கு ஆங்கிலச் சுருக்கம் தனியே உண்டு.

முதல் பருவத்தில் வெளிநாட்டில் அச்சான ஒரு பாடநூலை வைத்து நடத்தினோம். லண்டனில் ரயில் டிக்கெட் வாங்குவது எப்படி என்று அது சொல்லிக்கொடுத்தது. திங்கட்கிழமை படித்தது செவ்வாய்க்கிழமை எதற்கும் உதவவில்லை, வருகையும் குறைந்தது. இரண்டாம் பருவத்தில் நூலை மூடிவிட்டு ‘இந்த வாரத் தாள்’ முறைக்கு மாறினோம். அந்த வாரம் கைக்கு வந்த ஏதாவது ஒரு தாளை ஒவ்வொருவரும் எடுத்து வர வேண்டும்: சம்பளச் சீட்டு, பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதம், கிளினிக் அட்டை, மாநகராட்சித் தண்ணீர் பில், பிரீபெய்டு மின்சாரச் சீட்டு. பெயரையும் அடையாள எண்ணையும் மறைத்த பிறகே நகல் எடுக்கிறோம். 90 நிமிட வகுப்பில் முதல் அரை மணி இதற்குத்தான். மின்சாரச் சீட்டில் உள்ள 20 இலக்க எண்ணை நான்கு நான்காகப் பிரித்து ஒருவர் வாசிக்க, இன்னொருவர் எழுதுவார். ஓர் இலக்கம் தவறினாலும் மீட்டர் ஏற்காது என்று எல்லாருக்கும் தெரியுமாதலால், எண்களை இதைவிட அக்கறையாக யாரும் கற்கமாட்டார்கள். லட்சக் கணக்கு இங்கே புரியாது. ‘ஹண்ட்ரட் தவுசண்ட்’ என்றே சொல்லிப் பழக வேண்டும். பல படிவங்களில் தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கேட்கப்படுகிறது.

படிவங்களில் அதிகம் தடுமாற வைப்பது பெயர்தான். நம் ஊரில் இனிஷியல் என்றால் அப்பா பெயரின் முதல் எழுத்து. தென்னாப்பிரிக்கப் படிவத்தில் ‘இனிஷியல்ஸ்’ என்றால் உங்கள் சொந்தப் பெயரின் முதல் எழுத்து. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் ராமசாமி, சொந்தப் பெயர் முருகன் என்று இருந்தால், இங்கே அவர் ‘எம். ராமசாமி’. கிளினிக்கில் ‘மிஸ்டர் ராமசாமி’ என்று அழைப்பார்கள். அப்பாவைக் கூப்பிடுவதாக நினைத்து இவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார், முறை போய்விடும். ஆகவே வகுப்பில் ஒவ்வொருவரையும் குடும்பப் பெயரால் கூப்பிட்டு, எழுந்து வரப் பழக்குகிறோம். படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். வங்கியில் ஒரு மாதிரி, வேலையிடத்தில் ஒரு மாதிரி எழுதிவிட்டுப் பிறகு திருத்துவது பெரும்பாடு.

இதைவிட ஆபத்தானது ‘யெஸ்’, ‘நோ’. ‘உங்களுக்கு ஒவ்வாமை ஏதும் இல்லையே?’ என்று நர்ஸ் ஆங்கிலத்தில் கேட்கிறார். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத ஒருவர் தமிழ் வழக்கப்படி ‘இல்லை, இருக்கு’ என்று நினைத்து ‘நோ’ என்கிறார். ஒவ்வாமை எதுவும் இல்லை என்று அட்டையில் ஏறிவிடுகிறது. எதிர்மறைக் கேள்விக்கு ‘யெஸ்’, ‘நோ’ இரண்டையும் விட்டுவிட்டு ‘ஐ ஹேவ்’, ‘ஐ டோன்ட் ஹேவ்’ என்று முழுதாகச் சொல்ல வைக்கிறோம். சம்மதத்துக்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டும் நம் பழக்கமும் இங்கே மறுப்பாகத் தெரியலாம். வாயைத் திறந்து சொல்வதே நல்லது.

ஒலிப் பயிற்சியில் தமிழே நமக்கு உதவியது. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வதை நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் ‘பேக்’ என்று எழுதினால் அது பையா, முதுகா, மூட்டை கட்டுவதா என்று வீட்டுக்குப் போன பின் தெரியாது. இரண்டு ஒலியும் நம் வாயில் ஏற்கனவே இருக்கின்றன: ‘பாம்பு’ என்ற சொல்லில் முதல் ப ஒன்று, கடைசிப் பு வேறு. தொண்டையில் விரலை வைத்து மெதுவாகச் சொன்னால் இரண்டாவதில் அதிர்வு தெரியும். க ஒலிக்கு ‘காங்கேயம்’. இந்தப் பாம்பையும் காங்கேயத்தையும் ஆசிரியர்களும் பிடித்துக்கொண்டார்கள். அதிரும் எழுத்தின் கீழ் ஒரு கோடு போட்டு எழுதுவது இப்போது வகுப்பின் வழக்கம். ‘பஸ்ஸு’, ‘கார்டு’ என்று சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் உகரத்தை நாங்கள் திருத்துவதில்லை. கேட்பவருக்கு அது புரிந்துவிடுகிறது. எல்லாப் பிழையையும் ஒரே நாளில் பிடித்தால் பேசுவதையே நிறுத்திவிடுவார்கள். பொருள் மாறும் பிழையை மட்டும் நிறுத்தித் திருத்துங்கள் என்பதே ஆசிரியர்களுக்கு எங்கள் வேண்டுகோள்.

உள்ளூர்ச் சொற்களுக்குச் சுவரில் ஒரு பட்டியல் தொங்குகிறது. ‘ரோபோட்’ என்றால் போக்குவரத்து விளக்கு. ‘பக்கி’ என்றால் பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி. ‘ஜஸ்ட் நவ்’ என்றால் இப்போது அல்ல, பிறகு எப்போதாவது; ‘நவ் நவ்’ என்றால்தான் கொஞ்ச நேரத்தில். முதலாளி ‘ஜஸ்ட் நவ்’ வருகிறேன் என்றால் வாசலில் நிற்க வேண்டாம். கத்தரிக்காய் இங்கும் பிரிஞ்சால்தான். எந்தக் கவுன்ட்டரிலும் வேலையைச் சொல்லும் முன் நலம் விசாரிப்பது இந்நாட்டு மரியாதை. நேரே விஷயத்துக்குப் போனால் முரட்டுத்தனமாகப் படும். இதற்காகக் கடைசி பத்து நிமிடம் சூலு மொழி: ஒருவருக்கு ‘சாவுபோனா’, பலருக்கு ‘சனிபோனானி’.

முகம் பார்த்துப் பேசத் தெரிந்தவரும் தொலைபேசியில் திணறுகிறார், உதட்டசைவு தெரியாததால். இருவரை முதுகோடு முதுகாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்கிறோம். புரியாமல் ‘யெஸ் யெஸ்’ சொல்லக் கூடாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். ஆம்புலன்ஸ் 10177, போலீஸ் 10111, செல்பேசியிலிருந்து 112. இந்த எண்களோடு வீட்டு முகவரியையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரியாதவரை அடுத்த பாடத்துக்கு அனுப்புவதில்லை. முதியவர்கள் சாட்ஸ்வொர்த்தின் உட்பகுதிகளைக் குறிக்கும் யூனிட் எண்ணைச் சொல்லியே இடம் காட்டுவார்கள், ஆம்புலன்ஸுக்குத் தெருப் பெயரும் வேண்டும்.

சம்பளச் சீட்டுப் பாடத்துக்கு இரண்டு வாரம் ஒதுக்கினோம், அது போதவில்லை. சட்டப்படி சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிக்கு மேல் போகக் கூடாது. பொதுவாகக் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம். யூஐஎஃப் என்னும் வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்குப் பிடித்தம் தொழிலாளியிடம் 1 சதவீதம், முதலாளி தன் பங்காக இன்னொரு 1 சதவீதம் கட்ட வேண்டும். வேலையை விட்டு நியாயமின்றி நீக்கினால் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏ ஆணையத்திடம் 30 நாளுக்குள் முறையிட வேண்டும். இந்த 30 நாள் கணக்கு தெரியாமல் இருப்பதுதான் இலக்கணப் பிழை எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம். வரும் ஆண்டில் இதற்கு நான்கு வாரம்.

மாலை வகுப்பை நிறுத்திவிட்டோம். ஜூன், ஜூலையில் ஐந்து மணி தாண்டியதும் இருட்டிவிடுகிறது, இருட்டிய பின் டாக்ஸி பிடித்துத் தனியே வீடு திரும்பச் சொல்வது சரியல்ல. குருக்கள்மாருக்கு செவ்வாய், வெள்ளி, வார இறுதி ஆகாது. சமையற்காரர்களுக்குத் திங்கட்கிழமை காலை ஓய்வு. ஆகவே திங்கள் 10 மணி முதல் 11.30 வரை. பெண்களும் கடை ஊழியர்களும் கேட்டபடி ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கு இன்னொரு வகுப்பு. தைப்பூசக் காவடிக்கும் புரட்டாசிச் சனிக்கும் வரும் இடைவெளியை முன்கூட்டியே அட்டவணையில் போட்டுவிட்டோம். ஒரு வகுப்பில் 12 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, அதைத் தாண்டினால் பேச வாய்ப்பே கிடைக்காது. கைக்குழந்தையோடு வருபவர்களுக்குப் பின் அறையில் பாய் விரித்திருக்கிறோம். அங்கே பார்த்துக்கொள்ள இன்னும் ஆள் தேவை. ஆனால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கிளினிக்குக்கு மொழிபெயர்க்கக் கூட்டிப்போக வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவின் நோயைப் பத்து வயதுப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது தகாது.

நம் வகுப்பில் சான்றிதழ் கிடையாது. வேண்டுவோர் அரசின் வயது வந்தோர் கல்வியில் ஏஇடி முதல் நிலையிலிருந்து நான்காம் நிலை வரை படிக்கலாம். விண்ணப்பம் நிரப்ப உதவுவோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார்.

புதிய சேர்க்கை ஜனவரியில் பள்ளி திறந்த முதல் திங்கட்கிழமை காலை 9 மணிக்கு. பாஸ்போர்ட் நகல், ஒரு நோட்டு, பென்சில், அந்த வாரம் வந்த ஏதாவது ஒரு தாள் ஆகியவற்றுடன் வரவும்.