ஒரு கண்ணை மூடிப் பார்

அன்புள்ள மகளுக்கு,

புதுக் கண்ணாடியில் பவர் மைனஸ் 8 என்று எழுதியிருந்தாய். கண்ணாடி பார்வையைத்தான் திருத்தும், கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கும். சாதாரணக் கண் முன்பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். மைனஸ் 6ஐத் தாண்டிய கிட்டப்பார்வைக் கண்கள் பெரும்பாலும் 26க்கு மேல் நீண்டிருக்கும். அந்த நீட்சியில் உள்சுவரை ஒட்டியிருக்கும் விழித்திரை இழுபட்டு, ஓரங்களில் மெலிகிறது. பிறகு கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டாலும் இது மாறாது. லேசிக் செதுக்குவது முன்னால் இருக்கும் கருவிழியை மட்டும்தான்.

கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல் வயதாக ஆக நீர்த்து, சுருங்கி, விழித்திரையை விட்டுப் பிரியும். பலருக்கு 50 வயதுக்குப் பிறகு நடப்பது, உன்னைப் போன்றவர்களுக்கு முன்கூட்டியே நடக்கலாம். பெரும்பாலும் தொல்லையில்லாமல் பிரிந்துவிடும். எங்காவது இறுக்கமாக ஒட்டியிருந்தால் மட்டும் போகிற போக்கில் விழித்திரையைக் கிழித்துவிடும். அந்தக் கிழிசல் வழியே நீர் பின்னால் புகுந்தால், ஈரம் ஏறிய சுவரில் பூச்சு பெயர்வதுபோல விழித்திரை பெயரத் தொடங்கும். கிழிந்ததற்கும் பெயர்வதற்கும் நடுவே சில மணி நேரமும் கிடைக்கலாம், சில வாரமும் கிடைக்கலாம். அதற்குள் போனால், கிழிசலைச் சுற்றி லேசரால் வேலி போட்டுவிடுவார்கள். சில நிமிட வேலை, அன்றே வீடு திரும்பலாம். தழும்பு இறுக இரண்டு வாரம் போல ஆகும். பெயர்ந்த பிறகு போனால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். கண்ணுக்குள் வாயு நிரப்பினால், மருத்துவர் சொல்லும் நிலையிலேயே தலையை நாள்கணக்கில் வைத்திருக்க வேண்டும். வாயு கரையும்வரை விமானம் ஏறவே கூடாது. உயரத்தில் அது விரிந்து கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

இதில் வலியே கிடையாது. அதனால்தான் இத்தனை சொல்கிறேன். வலியை உணரும் நரம்பு விழித்திரையில் இல்லை, ஆகவே அறிகுறிகளை நீதான் கவனிக்க வேண்டும்.

எப்போதும் மிதக்கிற ஒன்றிரண்டு நூலிழைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். திடீரென்று பூச்சி பறப்பதுபோலப் புள்ளிகள் பெருகினால், புகையோ மிளகுத்தூளோ தூவியதுபோலத் தெரிந்தால், அது ரத்தத் துளிகளாகவும் இருக்கலாம். இருட்டில் கண்ணை அசைக்கும்போது பக்கவாட்டில் மின்னல்போல வெட்டினால், ஜெல் விழித்திரையை இழுக்கிறது என்று பொருள். ஒற்றைத் தலைவலி தரும் ஒளி வேறு. அது கோணல்மாணலான வளைவாக மெல்ல விரிந்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும், இரண்டு கண்ணிலும் தெரியும். ஓரத்திலிருந்து கருந்திரை நகர்ந்தால் விழித்திரை பெயரத் தொடங்கிவிட்டது. கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால், திரை கீழிருந்து எழும்பினால் பெயர்வது மேல்பகுதி. புவியீர்ப்பு நீரைக் கீழே இழுப்பதால் அது மையத்தை விரைவில் எட்டிவிடும். மையம் பெயருமுன் போய்ச் சேர்ந்தால் நல்ல பார்வை காப்பாற்றப்பட வாய்ப்பு மிக அதிகம்.

ஒரு கண்ணின் குறையை மற்றது மறைத்துவிடும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடி, எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியை அசையாமல் பார்த்து, நான்கு மூலைகளும் தெரிகின்றனவா என்று கவனி.

மேலே சொன்ன எது புதிதாக வந்தாலும் அன்றே கண் மருத்துவமனைக்குப் போ. எந்தக் கண், எப்போதிலிருந்து, பவர் எவ்வளவு என்று முதலிலேயே சொல். கண்மணியை விரிவாக்கி ஓரம்வரை பார்க்கச் சொல்லிக் கேள். சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், நீ வண்டி ஓட்டாதே. ஒன்றுமில்லை என்று அனுப்பினாலும் மறுபரிசோதனைக்கு எப்போது வர வேண்டும் என்று கேட்டு வா. கிழிசல் சில வாரம் கழித்தும் வரலாம். நடுவில் புள்ளிகள் கூடினால் தேதிக்குக் காத்திராதே.

முழுக்கத் தடுக்க வழியில்லை. படிப்பதாலோ போன் பார்ப்பதாலோ விழித்திரை பெயர்வதில்லை, அந்தப் பயம் வேண்டாம். கண்ணில் அடிபடுவதுதான் பெரிய ஆபத்து. பந்து விளையாடும்போது பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி போடு, குத்துச்சண்டைப் பயிற்சியை விட்டுவிடு. வருடம் ஒருமுறை கண்மணி விரித்துச் சோதித்துக்கொள். மெலிந்த இடம் இருக்கிறது என்று சொன்னால் உடனே லேசர் போடச் சொல்லி வற்புறுத்தாதே. அப்படிப்பட்ட இடங்கள் பலவற்றைக் கண்காணித்தாலே போதும்.

இன்று ராத்திரி சுவரைப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் எப்படித் தெரிந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா