முழங்கால் வலி என்றால் இடுப்பு மூட்டையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதியோரின் மூட்டுத் தேய்மானம் பற்றிய உங்கள் கட்டுரையில் முழங்காலுக்கு இரண்டு பக்கம், இடுப்பு மூட்டுக்கு ஒரே ஒரு பத்தி. எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான்.

என் அம்மாவுக்கு வயது 71. இடது முழங்கால் வலிக்கிறது என்றார். ஒன்றரை வருடம் தைலம், மாத்திரை, முழங்கால் உறை என்றே ஓடியது. எக்ஸ்ரேயும் முழங்காலுக்குத்தான் எடுத்தார்கள். லேசான தேய்மானம் தெரிந்ததும் அதோடு விட்டுவிட்டார்கள். ஆனால் அம்மாவால் குனிந்து கால் நகம் வெட்ட முடியவில்லை. காரில் ஏறும்போது இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைப்பார். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று நாங்களும் இருந்துவிட்டோம். இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கிப் பிடித்து, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் நகர்த்தினார். தொடை உள்பக்கமாகத் திரும்ப வேண்டும், திரும்பவே இல்லை. அம்மா கவட்டைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டார். இடுப்பு மூட்டு தேயும்போது முதலில் குறைவது பெரும்பாலும் இந்தத் திருப்பம்தானாம். அப்புறம் எடுத்த இடுப்பு எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி நன்றாகவே சுருங்கியிருந்தது.

குழப்பத்துக்கு நம் பேச்சும் ஒரு காரணம். இடுப்பு வலி என்றால் நாம் கை வைப்பது முதுகின் அடியில். தேய்ந்த இடுப்பு மூட்டோ கவட்டிலும் முன்தொடையிலும் வலிக்கும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே வலி தெரியும்.

இப்போது தொடை, புட்டத் தசைகளுக்குத் தினமும் பயிற்சி. கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. வலது கைக்கு மாற்றிய அன்றே நடை சீரானது. வலி மாத்திரைகளை வருடக்கணக்கில் விழுங்கினால் வயிறு, சிறுநீரகம், இதயம் எல்லாவற்றுக்கும் ஆபத்து என்பதால் மருத்துவர் குறைத்துவிட்டார். இவ்வளவுக்குப் பிறகும் தூக்கம் கெடும் அளவு வலித்தால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது. 1960களிலிருந்து நன்கு தேறிய சிகிச்சை அது; மாற்றிய மூட்டுகளில் பாதிக்கு மேல் 25 ஆண்டுகள் உழைக்கின்றன. 71 வயதுக்காரர் வயதைச் சொல்லி அதை ஒதுக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை எழுதும்போது, இடுப்பு மூட்டு வலி எங்கெங்கே தெரியும் என்று ஒரு படமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி