அச்சை நிறுத்துமுன் ஓர் ஏற்பாடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரும் ஜனவரி முதல் தங்கள் இதழ் இணையத்தில் மட்டுமே வெளிவரும் என்ற அறிவிப்பைப் படித்தேன். காகித விலையும் அச்சுக்கூலியும் தபால் செலவும் ஏறிக்கொண்டே போகும்போது அச்சிலேயே இருங்கள் என்று வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. 1941-இல் தொடங்கிய கல்கியே கொரோனா காலத்தில் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. ஆனால், இனி வரும் இதழ்களை யார் எடுத்து வைக்கப்போகிறார்கள்? அதைப் பற்றி அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லையே.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைக் கேட்க உரிமை உண்டு. ராய. சொக்கலிங்கத்தின் 'ஊழியன்', சொ. முருகப்பாவின் 'குமரன்' ஆகிய இதழ்கள் எல்லாம் காரைக்குடியிலிருந்து வந்தவை. இதழ்கள் நின்றுவிடும், வாங்கியவர்கள் வைத்திருந்தால்தான் எழுத்து மிஞ்சும். கோட்டையூர் ரோஜா முத்தையா அப்படி வைத்திருந்தவர். நூல்கள், வார மாத இதழ்கள், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்து, இராமபாணப் பூச்சிக்குப் பறிகொடுக்காமல் காப்பாற்றினார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. இன்று அது சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. தமிழ் இதழ்களை ஆராய்கிறவர்கள் அங்கே போகாமல் இருக்க முடியாது. இவ்வளவையும் சேர்க்க அவர் எந்தப் பதிப்பாளரிடமும் அனுமதி கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய இதழ் அவருடையது.

இணையச் சந்தாவில் அந்த உரிமை நமக்கு இல்லை. சந்தா முடிந்த மறுநாள், பணம் கட்டிப் படித்த இதழே திறக்காது. முன்பு ஒரு மாத இதழ் இப்படித்தான் இணையத்துக்குப் போனது. பிறகு தளத்தை மாற்றினார்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று எங்கள் நகரத்தார் சமூகக் கோயில்களைப் பற்றி அதில் வந்த தொடர் அதோடு காணாமல் போயிற்று. கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

அச்சான நூல்களை கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் அனுப்பியாக வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 1956-இல் இதழ்களையும் அதில் சேர்த்தார்கள். இணைய இதழை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆகவே தாங்களாக மனம் வைத்தால்தான் உண்டு.

ஒவ்வோர் இதழையும் விளம்பரம் உட்பட முழுப் பக்கங்களோடு பிடிஎஃப் கோப்பாகச் சந்தாதாரர்கள் இறக்கி வைத்துக்கொள்ள விடுங்கள். அதே கோப்பை ரோஜா முத்தையா நூலகத்துக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கும் கொடுங்கள். முன்பணம் கட்டுகிறவர்களுக்காவது ஆண்டுக்கு ஒரு பைண்டு தொகுதி அச்சிடுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியே இருக்கும் ஆச்சிமார் பலருக்குக் கைப்பேசித் திரையில் கதை படிக்கக் கண் ஒத்துழைப்பதில்லை. விலை கூடுதலாக இருந்தாலும் அவர்கள் வாங்குவார்கள்.

டிசம்பர் இதழ்தான் அச்சில் கடைசி என்கிறீர்கள். தங்கள் பதிலை அதிலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சந்தாதாரர் ஒருவர்,
பள்ளத்தூர்.